முளைக்கொட்டும் ஒலிபெருக்கியும்

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், முளைப்பாரி போடுவது பெண்களின் பொறுப்பு. மண்சட்டியில் வைக்கோலும் மண்ணும் எருவும் பரப்பி, தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை முதலியவற்றைத் தூவி, வெயில் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வருவார்கள். வெளிச்சம் இல்லாததால்தான் முளைகள் வெளிர் மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்கின்றன. அவை வளரும் நாள்களில், இரவுச் சாப்பாடு முடிந்தபின் முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டுவார்கள்.

முளைக்கொட்டு எனப்படும் இந்தக் கும்மிக்குத் தனியாக வாத்தியம் தேவையில்லை, கைதான் தாளம். குனிந்து முழங்காலருகே ஒரு கொட்டு, நிமிர்ந்து மார்புக்கு நேரே ஒரு கொட்டு என்று வட்டம் நகர, ஒருவர் பாடும் அடியை மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மூச்சு வாங்கும் பாட்டுக்காரி, மெதுவாக ஆடுங்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை. தன் கொட்டை ஒரு நூல் தள்ளிப் போடுவார். அடுத்த சுற்று முடிவதற்குள் வட்டம் முழுவதும் அதற்கு இறங்கிவிடும். புதிதாக வந்த மருமகளைக் கிண்டல் செய்ய ஓர் அடியைச் சேர்க்க வேண்டுமானாலும், குலவையிட நிறுத்த வேண்டுமானாலும் இதே ஏற்பாடுதான்.

இப்போது பல ஊர்களில் பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் போட்டு ஆடுகிறார்கள். அடி பிசகாமல் அழகாகத்தான் ஆடுகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டு யாருடைய மூச்சுக்காகவும் காத்திருப்பதில்லை, கிழவிகள்தான் முதலில் ஒதுங்கிப்போய் உட்காருகிறார்கள்.

ஒலிபெருக்கியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொங்குப் பகுதியின் வள்ளி ஒயில் கும்மியில் முருகன் வள்ளி கதையைக் கும்மி ஆசிரியர் மைக்கில்தான் பாடுகிறார் என்றாலும், ஆடுபவர்களின் காலைப் பார்த்தே பாடுகிறார். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே பெரிய மைதானங்களில் பெண்களே மிகுதியாக ஆடுகிறார்கள்.

எங்கள் பக்கத்து விழாக் குழுக்களும் மைக்கைப் பாட்டுக்காரியிடம் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டு கையும் கொட்ட வேண்டியிருப்பதால், சேலையில் குத்திக்கொள்ளும் சிறிய மைக்காகப் பார்த்து வாடகைக்கு எடுக்க வேண்டும்.