இன்னும் 2 மட்டுமே

இணையக் கடையில் "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்தாலே என் விரல் தானாக வாங்கும் பொத்தானுக்குப் போய்விடுகிறது. இது தேவையா என்ற கேள்வி நழுவி, கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

1975-இல் உளவியலாளர் ஸ்டீபன் வோர்ச்சலும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே குக்கீதான், சிலருக்கு 10 இருந்த ஜாடி, சிலருக்கு 2 மட்டும் இருந்த ஜாடி. இரண்டே இருந்தபோது அதை அதிகம் விரும்பினார்கள், விலையும் கூடுதலாக இருக்கும் என்றார்கள். 10 இருந்தது கண்முன்னே 2 ஆனபோது ஆசை இன்னும் ஏறியது. மற்றவர்கள் எடுத்துக்கொண்டதால் குறைந்தது என்று தெரிந்தபோது அதற்கும் மேலே! ருசியை மட்டும் யாரும் கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம். பொருள் மாறவில்லை, நம் ஏக்கம்தான் மாறியது.

உண்மையிலேயே இருப்பு குறைவென்றால் சொல்லட்டும், அது நேர்மை. ஆனால் சலுகை முடிய இன்னும் இவ்வளவு நேரம்தான் என்று காட்டிவிட்டு, பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும் கடிகாரம் ஏமாற்று வேலை. அதில் எனக்குக் கோபம் உண்டு.

சரி, இப்போதெல்லாம் கூடையில் போட்டுவிட்டு ஒரு ராத்திரி தூங்கிவிடுகிறேன். காலையில் பாதிக்குமேல் நினைவிலேயே இருப்பதில்லை.