சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர்: பிரிட்டன் சாலைக்குப் புதியவர்களுக்கு

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதைக்கொண்டே கார் ஓட்டலாம். இங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். மாற்றிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் இங்கே அர்த்தம் வேறு. புதிதாக வந்த நம்மவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இடையே மனத்தாங்கல் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் லாரியின் பின்புறத்தில் ‘சவுண்ட் ஹாரன்’ என்றே எழுதியிருக்கும். முன்னால் போகும் சைக்கிளை நெருங்கும்போது லேசாக ஒரு ஹாரன் அடித்தால், ‘பின்னால் வருகிறேன், பார்த்துப் போங்கள்’ என்று பொருள். அடிக்காமல் தாண்டினால்தான் திட்டு விழும். பிரிட்டனில் அதே சத்தம் ‘வழியை விடு’ என்ற அதட்டலாகக் கேட்கும். அது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல. முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஹாரன் கேட்டவர் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கமே ஹாண்டில்பாரும் சாயும். உங்கள் கார் வருவதும் அந்தப் பக்கம்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்கையில், உங்கள் இருப்பை எச்சரிக்க வேண்டிய தேவை இருந்தால் மட்டும் ஹாரன் அடியுங்கள் என்கிறது பிரிட்டனின் சாலை விதி நூலான ஹைவே கோட். எதிரே ஆபத்து இருந்தாலொழிய, நிற்கும் வண்டியில் அடிப்பதும், குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை அடிப்பதும் சட்டப்படி தவறு.

ஹெட்லைட்டில் குழப்பம் இன்னும் அதிகம். நம் ஊரில் எதிரே வருபவர் லைட் அடித்தால் ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், நில்’ என்று அர்த்தம். இங்கே தெருவழக்கில் அது ‘நீங்கள் போங்கள்’. வலப்பக்கம் திரும்ப நடுச்சாலையில் காத்திருக்கும் சைக்கிள்காரருக்குப் பழைய பழக்கத்தில் லைட் அடித்துவிட்டு வேகமாக வந்தால், வழி கிடைத்தது என்று அவர் குறுக்கே வந்துவிடுவார். வழி விடுவதானால் வேகத்தைக் குறைத்து நின்றே காட்டுங்கள், அதில் இரண்டு பொருள் இல்லை. சைக்கிளில் இருப்பவரும் ஒருவர் லைட் அடித்ததை மட்டும் நம்பித் திரும்பக் கூடாது. அடுத்த தடத்தில் இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கலாம்.

அடுத்தது ஓவர்டேக். 2022 ஜனவரி 29 அன்று நடைமுறைக்கு வந்த ஹைவே கோட் திருத்தங்களின்படி, மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும்; வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். இது தனிச் சட்டமல்ல, வழிகாட்டல். ஆனால் உரசுவதுபோலத் தாண்டினால் கவனமின்றி ஓட்டியதாக வழக்கு வரலாம்: 100 பவுண்டு அபராதம், உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளி. பிரிட்டனில் தேர்வு எழுதி முதல் உரிமம் வாங்கி 2 ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் உரிமமே ரத்து. தேர்வுகளை மறுபடி எழுத வேண்டும். நம்மவர்களில் பலர் அந்த 2 ஆண்டுக்குள் இருப்பவர்கள்.

ஒன்றரை மீட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சைக்கிள் சக்கரம் நடைபாதை விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் போகிறது. ஹாண்டில்பாரின் வலது முனைக்கு இன்னும் 35 சென்டிமீட்டர். அதன்மேல் 1.5 மீட்டர். பிறகு கண்ணாடிகளோடு சேர்த்துக் காரின் அகலம் ஏறக்குறைய 2 மீட்டர். மொத்தம் 4.35 மீட்டர். நகரச் சாலையில் ஒரு தடம் பெரும்பாலும் 3 முதல் 3.65 மீட்டர்தான். ஆக, எதிர்த்தடத்துக்குள் போகாமல் சைக்கிளை ஒழுங்காகத் தாண்டவே முடியாது. எதிர்த்தடம் காலியாக இல்லையென்றால் பின்னாலேயே காத்திருக்க வேண்டியதுதான். நடுவே இரட்டைத் தொடர்கோடு இருந்தாலும், சைக்கிள் 10 மைல் அல்லது அதற்கும் குறைந்த வேகத்தில் போனால், எதிரே வழி தெளிவாக இருக்கும்போது கோட்டைத் தாண்டலாம்.

இருவர் இருவராகச் சேர்ந்து ஓட்டுபவர்கள்மேல் வரும் கோபத்துக்கும் இந்தக் கணக்கே பதில். எதிர்த்தடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றால், ஒருவரைத் தாண்ட விலகும் தூரத்தைவிடச் சற்றே கூடுதல்தான் இருவருக்கு. எட்டுப் பேர் ஒற்றை வரிசையில் போனால் நீளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீங்கள் எதிர்த்தடத்தில் இருக்கும் நேரமும் அப்படியே கூடும்.

காத்திருப்பதில் என்ன இழப்பு? 12 மைல் வேகத்தில் போகும் சைக்கிளின் பின்னால் 300 மீட்டர் போக 56 விநாடி. 20 மைல் வேகத்தில் 34 விநாடி. வித்தியாசம் 22 விநாடி, அடுத்த சிவப்பு விளக்கில் அதுவும் கரைந்துவிடும்.

வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் 2016இல் சீருடையில்லாத போலீஸ்காரரைச் சைக்கிளில் அனுப்பி, நெருக்கித் தாண்டியவர்களை நிறுத்தியது. பலருக்கு அங்கேயே தரையில் ஒரு பாயை விரித்து 1.5 மீட்டர் எவ்வளவு என்று காட்டியது. நல்ல யோசனை. வீட்டு முன்னால் நிற்கும் உங்கள் காரின் பக்கத்தில் ஒரு டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். நினைத்ததைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

சைக்கிளில் வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கும் மாற வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. ஓரத்திலும் ஓரமாக ஒட்டிப் போவதுதான் மரியாதை என்று பழகியிருக்கிறோம். இங்கே விளிம்பில் மழைநீர் வடிகால் மூடி, கண்ணாடித் துண்டு, ஈர இலை எல்லாம் சேர்ந்து கிடக்கும். அவற்றைத் தவிர்க்கத் திடீரென்று வலப்பக்கம் வெட்டும்போதுதான் பின்னால் வரும் வண்டி இடிக்கிறது. நீங்கள் ஓரம் ஒதுங்க ஒதுங்க, ‘இடம் இருக்கிறதே’ என்று கார் அதே தடத்துக்குள் நுழைந்து தாண்டப் பார்க்கும். அரை மீட்டராவது தள்ளிப் போங்கள். அமைதியான தெருவிலும், சந்திப்பை நெருங்கும்போதும், சாலை நடுவே மேடை வந்து தடம் ஒடுங்கும் இடத்திலும் தடத்தின் நடுவுக்கே வந்துவிடுங்கள். வருவதற்கு முன் வலத்தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, கை காட்டிவிட்டு வாருங்கள். பாதுகாப்பாக இடம் கிடைத்ததும் இடப்பக்கம் ஒதுங்கி, பின்னால் பொறுமையாக வந்தவருக்கு ஒரு கை உயர்த்துங்கள். அந்தக் கையசைவை இங்கே எல்லோரும் கவனிக்கிறார்கள்.

தெற்கு லண்டனின் டூட்டிங் பகுதியில் தமிழ்க் கடைகள் நிற்கும் நெடுஞ்சாலை வழியாகவே கோலியர்ஸ் வுட்டிலிருந்து நகர மையத்துக்குப் போகும் சைக்கிள் பாதை செல்கிறது. கறிவேப்பிலை வாங்கக் காரை ஓரம் கட்டிக் கதவைத் திறக்கும் அந்த ஒரு நொடிதான் அபாயம். ஓட்டுநர் வலக்கதவை இடக்கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் படுவார். டச்சு முறை என்று பெயர் பெற்ற இதை ஹைவே கோடும் சொல்கிறது. இடப்பக்கம் இறங்குபவர் வலக்கையால் திறக்க வேண்டும். பின்சீட்டுக் குழந்தைகளுக்கும் அப்படியே பழக்குங்கள். கதவால் ஒருவருக்கு ஆபத்து விளைவித்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். சைக்கிள்காரர் நிறுத்திய கார்களிலிருந்து 1 மீட்டர் தள்ளிப் போவதற்குக் காரணமும் இந்தக் கதவுதான். வம்புக்காக நடுவில் போகிறார் என்று எண்ண வேண்டாம். கோயில் திருவிழா நாளில் தொடர்கோடிட்ட சைக்கிள் தடத்தில் ‘ஐந்து நிமிஷம்தானே’ என்று நிறுத்தினால், அதில் வரும் ஒவ்வொருவரும் பஸ்ஸுக்கு முன்னால் வெளியே வர வேண்டியிருக்கும்.

இடப்பக்கம் பக்கத் தெருவுக்குத் திரும்புகையில், உங்களுக்கு இடப்புறம் நேராகப் போகும் சைக்கிளுக்கே முன்னுரிமை. தாண்டிச் சென்று அதன் முன்னால் திரும்பாதீர்கள். பின்னால் பொறுத்துத் திரும்புங்கள். ரவுண்டானாவில் வலப்பக்கம் போகும் சைக்கிளும் இடத்தடத்திலேயே சுற்றலாம். அது வெளியேறப்போகிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

சைக்கிளில் போகும்போது லாரியின் இடப்பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். லண்டன் மாநகரப் போலீஸ் சைக்கிள்காரர்களை லாரி ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, எவ்வளவு இடம் கண்ணுக்கே படுவதில்லை என்று காட்டும் நிகழ்ச்சிகளை நடத்திவந்திருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முறை ஏறிப் பாருங்கள்.

‘சைக்கிளுக்குச் சாலைவரி இல்லையே’ என்ற பேச்சு வேலையிடத்தில் அடிக்கடி வரும். சாலைக்கென்று தனியே ஒதுக்கிய வரி 1937இலேயே போய்விட்டது. இப்போது கட்டுவது வண்டிக்கான வரி. சாலைகளுக்குப் பணம் பொது வரியிலிருந்தும் கவுன்சில் வரியிலிருந்தும் வருகிறது. இரண்டையும் சைக்கிள்காரரும் கட்டுகிறார்.

இருட்டில் சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும், சிவப்புப் பிரதிபலிப்பானும் கட்டாயம். முன்விளக்கைச் சற்றுத் தரை நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள். எதிரே வரும் கார்காரரின் கண் கூசினால் உங்களைத்தான் அவர் பார்க்கத் தவறுவார். மின்சைக்கிள் வாங்குவதானால் மோட்டார் 250 வாட்டுக்குள், 15.5 மைல் வேகத்தில் உதவி நின்றுவிடுவதாக இருக்க வேண்டும். அதைத் திருத்தி வேகம் கூட்டினால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனம். காப்பீடும் உரிமமும் இல்லாமல் ஓட்டினால் போலீஸ் பறிமுதல் செய்யும்.

லண்டனின் பல பரோக்கள் (உள்ளாட்சி வட்டாரங்கள்) பெரியவர்களுக்கும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சைக்கிள் பயிற்சி தருகின்றன; கவுன்சில் இணையதளத்தில் பதியலாம். பள்ளிகளில் நடக்கும் பைக்கபிலிட்டி என்ற சைக்கிள் பயிற்சியின் முதல் நிலை விளையாட்டு மைதானத்தில், இரண்டாவது அமைதியான தெருவில், மூன்றாவது நெரிசல் சாலையில். குழந்தை இரண்டாம் நிலை முடித்ததும் தடத்தின் நடுவில் ஏன் போகிறாய் என்று அவளிடமே கேளுங்கள், பயிற்சியாளர் சொன்னதை அப்படியே சொல்வாள்.