கடலோர வெயிலில் ஒரு மலிவு ப்ராசஸர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியறை மேற்குப் பார்த்தது. கோடையில் மதியம் 2 மணிக்கு மேல் சுவரில் கை வைத்தால் உள்ளங்கை சுடும். அந்த அறையில்தான் ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் 3000ஜி ப்ராசஸர் பொருத்திய என் கணினி ஐந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்த அக்கா மகன் போன மாதம் வந்திருந்தபோது, "மாமா, இருக்கிறதிலேயே விலை குறைஞ்ச ப்ராசஸரை வாங்கி ஓவர்க்ளாக் பண்ணிட்டா போதாதா?" என்று கேட்டான். அன்று இரவு சாப்பாட்டுக்கு நடுவே அரைகுறையாகச் சொன்னதை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் பார்த்துவிட்டு வந்த காணொளிகள் எதிலும் எங்கள் ஊர் வெயில் இல்லை.

மலிவான ப்ராசஸரை வாங்கி ஓவர்க்ளாக் செய்வது, அதாவது நிறுவனம் வைத்த அளவுக்கு மேல் அதன் வேகத்தைக் கூட்டுவது, ஒரு காலத்தில் உண்மையாகவே பெரிய லாபமாக இருந்தது. இன்டெல் 1998இல் வெளியிட்ட செலரான் 300ஏ 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. மதர்போர்டின் அடிப்படைத் துடிப்பான பஸ் வேகத்தை எத்தனையால் பெருக்கி ப்ராசஸர் ஓடுகிறது என்பதைச் சொல்லும் எண்ணான பெருக்கி, அதில் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் மதர்போர்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் ப்ராசஸர் 450 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விடும். சில்லுக்குள்ளேயே இருந்த 128 கிலோபைட் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்துக்கொள்ளும்) நினைவகம் ப்ராசஸரின் முழு வேகத்தில் இயங்கியதால், அன்றைக்குப் பல மடங்கு மதிப்பாகப் பேசப்பட்ட பென்டியம் 2 வகையோடு அது பல வேலைகளில் சரிக்குச் சரி நின்றது. சந்தையில் தரம் பிரித்து விற்பதற்காகத் தாழ்த்தி வைக்கப்பட்ட வேகம் அது. சில்லின் உண்மையான எல்லை அதற்கு வெகு மேலே இருந்தது. பென்டியம் என்ற பெயரின் இருபதாம் ஆண்டை ஒட்டி 2014இல் வந்த ஜி3258 அந்த நினைவைத் திரும்பக் கொண்டுவந்தது. 3.2 கிகாஹெர்ட்ஸில் விற்கப்பட்ட அதைப் பலரும் 4.5 வரை கொண்டு சென்றார்கள். ஆனால் அதில் இருந்தவை இரண்டு கோர் (கணக்குப் போடும் பகுதி), இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசை) மட்டுமே. நான்கு த்ரெட் இல்லாவிட்டால் திறக்கவே மறுத்த விளையாட்டு அதே ஆண்டில் வந்தபோது, கூட்டிய வேகத்தால் எந்தப் பயனும் இருக்கவில்லை.

என்னுடைய 3000ஜி நவம்பர் 2019இல் 49 டாலர் விலையில் வெளியான ப்ராசஸர். இரண்டு கோர், நான்கு த்ரெட், 3.5 கிகாஹெர்ட்ஸ், 35 வாட், பெருக்கி பூட்டப்படவில்லை. வாங்கிய முதல் வாரத்திலேயே அதை 3.9 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையில் அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கணக்கு என்னவோ சிறியது. 3.5இலிருந்து 3.9 என்பது 11 சதவீதத்துக்குச் சற்று அதிகம். அந்த உயர்வு முழுவதும் பயன்பட்டால்கூட, 45 நிமிடம் பிடிக்கும் ஒரு வீடியோ மாற்றும் வேலை 40 நிமிடத்தில் முடியும், அவ்வளவுதான். பிரவுசரில் பத்து டேப் திறந்துவைத்துக்கொண்டு ஒரு கட்டுரை தட்டச்சு செய்பவருக்கு அந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

அந்த 11 சதவீதத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை வெப்பத்தில் பார்க்க வேண்டும். ப்ராசஸர் வேலை செய்யும்போது செலவழிக்கும் மின்திறன் வேகத்தோடு நேர்விகிதத்தில் உயர்கிறது. மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கத்தின் விகிதத்தில் உயர்கிறது. 3.9இல் நிலையாக நிற்பதற்கு நான் மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டுக்கு உயர்த்த வேண்டியிருந்தது. பார்வைக்கு அது எட்டில் ஒரு பங்கு உயர்வுதான். வர்க்கம் எடுத்து வேகத்தையும் சேர்த்துப் பெருக்கினால் மின்திறன் 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. பத்து சதவீத வேகத்துக்கு நாற்பது சதவீத வெப்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வெப்பம் எங்கே போகிறது என்பதில்தான் எங்கள் ஊர் குறுக்கே வருகிறது. கூலர் என்பது ப்ராசஸரின் சூட்டை அறைக் காற்றிடம் ஒப்படைக்கும் கருவியே தவிர, அறைக் காற்றைவிடக் கீழே அதனால் குளிர்விக்க முடியாது. முழு வேலையில் ப்ராசஸர் அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்றால், ஏ.சி. போட்ட 22 டிகிரி அறையில் அது 67 டிகிரியில் நிம்மதியாக இருக்கும்; கத்திரி வெயிலில் 38 டிகிரிக்குப் போய்விடும் என் மாடியறையில் அதே ப்ராசஸர், அதே கூலர், 83 டிகிரியில் கிடந்து தவிக்கும். காற்றோட்டம் குறைந்த கேபினெட்டுக்குள் இதற்கும் மேலே சில டிகிரிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காணொளியில் "நிலையாக ஓடுகிறது" என்று காட்டப்படும் எண்ணை நம்பி இங்கே அப்படியே போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 3.9 போதாதென்று ஒரு ஏப்ரல் இரவில் 4.0 வைத்தேன், சோதனை நிரல் மூன்று மணி நேரம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. நான் சோதித்தது இரவு 11 மணிக்கு, ஜன்னல் திறந்து, கடற்காற்று உள்ளே வந்துகொண்டிருந்த நேரம். மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், வீட்டுத் திருமணப் புகைப்படங்களை ஒரே ஜிப் கோப்பாகச் சுருக்கி வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டேன். விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத் திரை வரவில்லை, கணினி நிற்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது, கோப்பு சிதைந்திருக்கிறது என்று அறிவிப்பு வந்தது. தாலி கட்டும் நேரத்துப் படங்களில் இரண்டு, பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டையாக இருந்தன. நல்லவேளையாக மூலப் படங்களை நான் இன்னும் அழித்திருக்கவில்லை. எல்லையை ஒட்டி ஓடும் ப்ராசஸர் எப்போதும் சத்தம் போட்டு விழுவதில்லை. சில நேரம் ஒரு கணக்கை அமைதியாகத் தவறாகப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. அன்றைக்கே 3.5க்குத் திரும்பினேன்.

உப்புக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேபினெட்டைத் திறக்கும்போது, மின்விசிறி இறக்கைகளில் படிந்திருக்கும் தூசி ஊதினால் பறக்காது. ஈரம் கோத்து, நனைந்த பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய தூரிகையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். போன முறை கூலரின் அலுமினியத் தகடுகளில் ஓரமாக வெள்ளைப் பொடி பூத்திருந்தது. திருகாணித் தலைகள் பழுப்பேறியிருந்தன. ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. இந்த நிலையில் புதிதாக வாங்கிய அன்று கிடைத்த வெப்பநிலை இரண்டாம் ஆண்டில் கிடைக்காது. வேகத்தைக் கூட்டுகிறவர் அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்து இடம் விட்டுத்தான் கூட்ட வேண்டும்.

பணக் கணக்கு இன்னும் எளிது. ஓவர்க்ளாக் செய்ய ஏ320 சிப்செட் (மதர்போர்டை நிர்வகிக்கும் சில்லு) கொண்ட மதர்போர்டு உதவாது, பி450 வேண்டும். கூடவே வரும் சிறிய கூலரும் இந்த வெயிலுக்குப் போதாது. நல்ல கூலர் தனியாக வாங்க வேண்டும். அந்தக் கூடுதல் செலவை ப்ராசஸர் விலையோடு சேர்த்தால், வெளியானபோது 99 டாலர் விலையிருந்த ஏ.எம்.டி.யின் ரைசன் 3 3200ஜி ப்ராசஸரின் அருகிலேயே வந்து நிற்கிறது. அதில் முழுமையான நான்கு கோர்கள் இருக்கின்றன. வேகம் தேவைப்படும்போது தானாகவே 4.0 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். உள்ளிருக்கும் கிராபிக்ஸும் 3000ஜியைவிடப் பெரியது. இரண்டு கோரை எவ்வளவு விரட்டினாலும் அது நான்கு கோர் ஆகாது. பழைய பொருளாக வாங்குபவர்கள் பெயரில் ஏமாந்துவிடக் கூடாது: முந்தைய தலைமுறை 2200ஜியும் 3200ஜியும் பார்க்க ஒரே மாதிரிதான், ஆனால் விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் 2200ஜி இல்லை.

அப்படியானால் மலிவு ப்ராசஸரில் கூட்டுவதற்கு எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த வகைக் கணினிகளில், உள்ளிருக்கும் கிராபிக்ஸ் தன் தேவைக்கும் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமையே கடன் வாங்குகிறது. டிடிஆர்4 2400 ரேம் ஒன்றை மட்டும் செருகினால் நொடிக்கு 19.2 கிகாபைட் தரவுதான் போய்வர முடியும். அதே வகையில் இரண்டைச் சரியான துளைகளில் செருகினால் 38.4. ஒரு வோல்ட்டைக்கூட ஏற்றாமல் கிடைக்கும் இரட்டிப்பு இது. எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்தவரை, கேட்டு வாங்காவிட்டால் 8 ஜிபி ரேம் ஒரே கட்டையாகத்தான் வந்து சேர்கிறது. ஒரே 8 ஜிபியை விட இரண்டு 4 ஜிபி இந்த ப்ராசஸருக்கு நல்லது என்று கடைக்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள். என் 3000ஜியில் இன்றைக்கும் நான் கூட்டி வைத்திருப்பது ரேம் வேகத்தையும், 1100 மெகாஹெர்ட்ஸாக வந்த கிராபிக்ஸை அதற்குச் சற்று மேலேயும்தான். விளையாட்டில் கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றம் அதில்தான் வந்தது.

அக்கா மகன் கடைசியில் புதுச்சேரியில் ஒரு கடையில் பழைய 3200ஜியும் பி450 மதர்போர்டும் வாங்கினான். பிற்காலத்தில் பயாஸைப் புதுப்பித்து ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600ஐயே அதில் பொருத்திக்கொள்ளலாம் என்பதால் மதர்போர்டில் மட்டும் நான் சிக்கனம் பார்க்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் மேசையிலேயே உட்கார்ந்து அவன் கையாலேயே எல்லாவற்றையும் பூட்டினான். ரேம் இரண்டையும் அடுத்தடுத்த துளைகளில் செருகியிருந்தான். திரையில் ஒற்றைச் சேனல், அதாவது தரவு ஒரே பாதையில்தான் போய்வருகிறது, என்று வந்தது. ஒன்றுவிட்டு ஒன்றில் மாற்றிச் செருகியதும் இரட்டைச் சேனல் ஆனது. "அப்போ ஓவர்க்ளாக் எப்ப மாமா?" என்று மறுபடியும் கேட்டான். அடுத்த கத்திரியில், மதியம் 2 மணிக்கு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு இதே அறையில் மூன்று மணி நேரம் சோதித்துப் பார்ப்போம், அதில் நிற்கிற எண் எதுவோ அதை வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.