செம்பு போன வழி: ரென் யீடுவைப் படித்த நாட்கள்

மார்ச் 3, 2024

சீன வரலாற்றாசிரியர் ரென் யீடுவின் ஆய்வுகளை இந்த மாதம் முழுவதும் படிப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். 1921-இல் பெய்ஜிங்கில் பிறந்து, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய தந்தை ரென் ஹொங்ஜுன் ஒரு வேதியியலாளர். சீன அறிவியல் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். தம் குடும்பப் பெயரை ரோமன் எழுத்தில் அவர் 'ஜென்' என்று எழுதினார். மகளின் கணவர் பெயர் சுன். அதனால் நூல்களின் அட்டையில் ஆசிரியர் பெயர் 'ஈ-டு ஜென் சுன்' என்றிருக்கிறது.

மார்ச் 5

இன்று ரென் யீடுவின் தாயைப் பற்றிப் படித்தேன். தாய் சென் ஹெங்ஜே, கால் கட்டும் வழக்கத்துக்கு இணங்காதவர்; தந்தை ஏற்பாடு செய்த திருமணத்தை மறுத்தவர். விதியை ஏற்பவர், விதியை நொந்துகொள்பவர், விதியை ஆக்கிக்கொள்பவர் என மனிதர் மூவகை என்று தாய்மாமன் சொன்னதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. 1914-இல் அரசு உதவித்தொகைக்குத் தேர்வான முதல் பத்துப் பெண்களில் ஒருவராக அமெரிக்கா சென்று, வாசர் கல்லூரியில் படித்து, 1920-இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியராகி மேலை நாட்டு வரலாறு கற்பித்தார். கருவுற்றதால் விரைவிலேயே அந்தப் பணியை விட வேண்டியிருந்தது. அப்போது வயிற்றில் இருந்த குழந்தைதான் ரென் யீடு. இதைப் படித்தபின் வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை.

மார்ச் 6

ஜப்பானுடனான போர்க்காலத்தில் ரென் யீடு யுன்னான் மாநிலத்துக் குன்மிங்கில் வரலாற்று மாணவி. பிறகு தாய் படித்த அதே வாசர் கல்லூரி. 1949-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் முனைவர் பட்டம்.

மார்ச் 11

சீன ரயில் பாதைகளையும் பிரிட்டிஷ் நலன்களையும் பற்றிய அவருடைய நூல் 1954-இல் வந்தது. ஆனால் நான் பெரிதாக மதிப்பது, சீனாவின் கடைசி அரச மரபான சிங் அரசின் ஆறு அமைச்சகங்களில் வழங்கிய கலைச்சொற்களை மொழிபெயர்த்து விளக்கி 1961-இல் அவர் வெளியிட்ட நூலைத்தான். இத்தகைய உழைப்பை யாரும் மேடையேற்றிப் பாராட்டுவதில்லை. ஆயினும் அது இல்லாமல் அந்தக் கால ஆவணத்தின் ஒரு வரியைக்கூட உறுதியாகப் படிக்க முடியாது. 'ஹுவோ ஹாவ்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் 'நெருப்பில் ஏற்படும் இழப்பு'. மக்கள் வரியாகச் செலுத்திய சில்லறை வெள்ளியை உருக்கிக் கட்டியாக்கும்போது எடை குறையும் என்று சொல்லி, அதிகாரிகள் கூடுதலாக வாங்கிய தொகை அது. சொல்லின் பொருள் தெரியாதவர் அதை உலைக்களத்துக் கணக்கு என்றே நினைத்திருப்பார்.

மார்ச் 17

கணவர் சுன் கனிமப் பொறியியல் அறிந்தவர். இருவரும் சேர்ந்து, சொங் யிங்ஷிங் 1637-இல் வெளியிட்ட தொழில்நுட்ப நூலை மொழிபெயர்த்து 1966-இல் வெளியிட்டார்கள். நெல், பட்டு, உப்பு, கரும்பு, காகிதம், உலோகம் எனப் பதினெட்டு இயல்கள் கொண்ட அந்த நூல், பதவி உயர்வுக்கு எந்த வகையிலும் உதவாது என்று அதன் ஆசிரியரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். உலையின் சூடு அறிந்தவரும் ஏட்டின் சொல் அறிந்தவரும் ஒரே வீட்டில் இருந்தது இந்த நூலுக்கு வாய்த்த நற்பேறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 24

யுன்னான் செம்பு பெய்ஜிங்குக்குச் சென்றதைப் பற்றிய அவருடைய கட்டுரையின் பொருளை இன்று வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் தலைநகரின் நாணயச் சாலைகளுக்காக ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் ஜின் (சீன எடை அளவு), அதாவது ஏறக்குறைய 3,600 டன் செம்பு, பொதி விலங்குகளின் முதுகில் மலையிறங்கி, லூஜோவில் படகேறி, யாங்சி ஆற்றின் மலையிடுக்குகளைக் கடந்து, பெருங்கால்வாய் வழியாக வடக்கே போனது. அவர் மாணவியாக வாழ்ந்த யுன்னானிலிருந்தே இந்தப் பாதை தொடங்குகிறது. படகு கவிழ்ந்தால் உடன் சென்ற அதிகாரி அங்கேயே தங்கி, ஆற்றில் மூழ்கிய செம்பை எடுத்துத் தர வேண்டும். எடுக்க முடியாமற் போனதற்கும் கணக்குக் காட்ட வேண்டும்.