எழுபத்தொம்போதுக்கு அப்புறம் எழுபது

இப்பதான் தரையில இருந்து எந்திரிச்சேன். எந்திரிச்சேன்னா, மொதல்ல கட்டில் காலைப் பிடிச்சு, அப்புறம் கட்டிலைப் பிடிச்சு, கடைசியா பல்லைக் கடிச்சு.

அதான், அந்த முப்பது நாள் ஸ்குவாட் சேலஞ்ச், தினமும் சார்ட்ல போட்டிருக்கற எண்ணிக்கைக்கு உக்காந்து உக்காந்து எந்திரிக்கணும். இன்னிக்கு பதினேழாவது நாள். சார்ட்டைப் பாத்தா பச்சப்புள்ள மாதிரி இருக்கும், மொத நாள் வெறும் 50, அடுத்த நாள் 55, அப்புறம் 60, நாலாவது நாள் ரெஸ்ட்டுன்னு தாராளமா வேற குடுப்பான், ஆனா ரெஸ்ட்டு முடிஞ்சு வந்து பாத்தா சத்தமில்லாம பத்து இருபது ஏத்தி வெச்சிருப்பான். கடைசி நாள் 250. அன்னிக்கு நான் இருந்தா பாத்துக்கலாம்.

மூணாம் நாள் காலைல நான் பட்ட பாடு இருக்கே. மாடிப்படி ஏறும்போது கூட பரவால்ல, இறங்கும்போதுதான் நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்கினேன். டாய்லெட்ல உக்காரணும்னா பாதி தூரம்தான் என் கன்ட்ரோல்ல, மீதி தொப்புன்னு. நம்ம வீட்டு விஞ்ஞானி சோஃபால படுத்துக்கிட்டே "எல்லாம் லாக்டிக் ஆசிட்மா"ன்னாரு. ஐயா, தசை கடுமையா வேலை செய்யும்போது சேர்ற அந்த ஆசிட் ஒரு மணி நேரம் போல ஆனா ரத்தத்துல இருந்து போயிடும், இது தொடைத் தசை வெயிட்டைத் தாங்கிக்கிட்டே நீளும்போது நுணுக்கமா அடிபடறதால வர்ற வலி, அதனாலதான் இறங்கும்போது உயிர் போகுது, ரெண்டு மூணு நாள் இருக்கும்னு நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே கிளாஸ் எடுத்தேன். "ஓ"ன்னு திரும்பிப் படுத்துட்டாரு. அவருக்குத் திரும்ப முடியுதேன்னு பொறாமையா இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். நானே எண்ணினா அறுபதுக்கு மேல மனசு எங்கயோ போயிடுது. அதனால சின்னவனை எண்ணச் சொல்லி உக்கார வெச்சேன். அவனும் இப்பதான் தமிழ்ல நூறு வரைக்கும் கத்துக்கறான், ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு எனக்கு அல்ப சந்தோஷம். ஸ்டூல் மேல கால் மேல கால் போட்டுக்கிட்டு "முட்டி உள்ள போகுது, நேரா வை"ன்னு அதட்டல் வேற. போனவாரம் வீடியோல நான் பாத்தத அவனும் பாத்திருக்கான்.

இன்னிக்கு 150. எழுபத்தெட்டு, எழுபத்தொம்போது, எழுபது. நானும் மூச்சு வாங்கற மும்முரத்துல விட்டுட்டேன். மறுபடி எழுபத்தொம்போது வந்துச்சு, மறுபடி எழுபது. தொடை ரெண்டும் தந்தி அடிக்குது, மூணாவது தடவை எழுபத்தொம்போது வந்தப்பதான் மண்டைல உறைச்சுது. ஆக மொத்தம் 170. சார்ட்லயே 170ங்கற நம்பர் கிடையாது, 160க்கு அப்புறம் நேரா 180தான்!

"டேய், எண்பது மறந்து போச்சாடா?"

"மறக்கல. எண்பது சொன்னா சீக்கிரம் முடிஞ்சிரும். முடிஞ்சா நீ போனை எடுத்துக்கிட்டு உள்ள போயிடுவ."

அப்படியே தரையில உக்காந்துட்டேன். அவனும் ஸ்டூல்ல இருந்து இறங்கி வந்து, வலிக்குற தொடைன்னு பாத்து அதுலயே ஏறி உக்காந்துக்கிட்டான். ஐயோன்னு கத்தக்கூட முடியல.

நாளைக்கு 155. எண்ணறதுக்கு விஞ்ஞானியைக் கூப்பிடலாம்னு கேட்டேன், சின்னவன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டான். சரிடா, நீயே எண்ணு. ஒரு தடவைதான் எழுபது, சொல்லிட்டேன்.