கட்டங்களை எண்ணிப் படித்த ஆறு மாதங்கள்

கடந்த தை மாதம் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி, அதன் முதல் பக்கத்தில் எனக்கென்று மூன்று விதிகளை எழுதினேன். விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் 12 இதழ்களுக்குள் முடிந்திருக்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள வேறொரு இதழைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. விமர்சனம் நோட்டில் நான்கு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆனி முடிவதற்குள் ஆறு குறுந்தொடர்களைப் பற்றி எழுதிவிடுவதாகத் திட்டம். ஐந்துதான் முடிந்திருக்கின்றன; அவற்றிலும் இரண்டை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது.

குறுந்தொடர்களை மட்டும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1938இல் தொடங்கிய சூப்பர்மேனின் கதை இன்னும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கிறது. அதில் செத்தவர்கள் திரும்பி வருவார்கள், மணமானவர்கள் மணமாகாதவர்களாகிவிடுவார்கள். முடிவே இல்லாத கதையில் ஒரு காட்சி நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, அது எதற்காக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல இயலாது. டிசி நிறுவனம் 1979இல் மூன்றே இதழ்களில், சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகத்தின் கதையை வெளியிட்டது; அதன் போட்டி நிறுவனமான மார்வெல் 1982இல் வுல்வரின் என்ற நாயகனுக்கு நான்கு இதழ்கள் கொடுத்தது. இப்படிச் சிறிய அளவில் தொடங்கிய வடிவம்தான் 1986இல் 'வாட்ச்மென்' தொடரைத் தாங்கும் அளவுக்கு வலுப்பெற்றது. நம்மவர்களுக்கு இந்த வடிவம் புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் 1962 முதல் வாராவாரம் துண்டு துண்டாக வந்த கதை, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக, 'இரும்புக்கை மாயாவி' என்ற முழுக்கதையாகவே நமக்குக் கிடைத்தது. கதை என்றால் ஒரே புத்தகத்தில் முடிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு என் தலைமுறைக்கு அங்கிருந்துதான் வந்தது.

முதலில் எடுத்தது கிராண்ட் மாரிசன் எழுதி, ஃபிராங்க் குவைட்லி வரைந்து, ஜேமி கிராண்ட் வண்ணம் சேர்த்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்'. 2005 இறுதியில் தொடங்கி 2008 வரை 12 இதழ்களாக வந்த தொடர் இது. சூரியனுக்குச் சென்ற ஆய்வுக் குழுவைக் காப்பாற்றப் போன சூப்பர்மேன், அளவுக்கு மீறிய சூரிய ஆற்றலை உள்வாங்கிக்கொண்டதால் இறந்துகொண்டிருக்கிறான். எஞ்சிய நாட்களில் என்ன செய்கிறான் என்பதே கதை. எனக்கு மிகவும் பிடித்துப்போய், பிடித்ததையெல்லாம் வரிசையாக எழுதினேன். நான்கு பக்கமும் நிரம்பிய பிறகு படித்துப் பார்த்தால் அது விமர்சனமாக இல்லை. பரீட்சைக்கு எழுதிய கதைச்சுருக்கமாக இருந்தது. இறுதியில் பத்துக்கு ஒன்பது என்று மதிப்பெண் வேறு போட்டிருந்தேன். அந்த ஒன்பதுக்கு நான்கு பக்கத்தில் எங்கும் ஆதாரம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி படித்தபோது, முதல் இதழில் ஒரு சிறு காட்சி கண்ணில் பட்டது. தெருவில் நடந்து வரும் கிளார்க் கென்ட், அதாவது சாதாரண மனிதனாக வேடமிட்ட சூப்பர்மேன், தோளைக் குறுக்கிக்கொண்டு, கால் தடுமாறி, எதிரே வரும் ஒருவர்மீது மோதிவிடுகிறான். அவர் எரிச்சலுடன் திட்டுகிறார். அவர் நின்றிருக்க வேண்டிய இடத்தில், மேலே செல்லும் ரயில் பாதையிலிருந்து இடிபாடு வந்து விழுகிறது. அவர் உயிரோடு இருப்பதே அந்த மோதலால்தான் என்று அவருக்குத் தெரியாது. கதை சொல்பவரும் விளக்குவதில்லை. முதல் வாசிப்பில் நான் அதை வெறும் நகைச்சுவை என்று தாண்டிப் போயிருந்தேன். 10ஆம் இதழில், மாடி விளிம்பில் உயிரை விட நிற்கும் ஒரு சிறுமியின் பின்னால் வந்து நின்று, உன் மருத்துவர் உண்மையிலேயே தாமதமாகிவிட்டார் என்று சூப்பர்மேன் சொல்லும் பக்கத்தைப் படித்துவிட்டு முதல் இதழுக்குத் திரும்பியதால்தான், இரண்டும் ஒரே செயலின் இரண்டு முகங்கள் என்பது புரிந்தது. யாரும் பாராட்டப்போவதில்லை என்று தெரிந்தே செய்யும் உதவி முதலில் கேலியாகவும் பிறகு கனிவாகவும் வருகிறது. இரண்டையும் தாங்குவது குவைட்லி வரையும் உடல்மொழிதான். கிளார்க்கின் கூனலையும் சூப்பர்மேனின் நிமிர்வையும் பார்த்தால் மூக்குக்கண்ணாடி இல்லாமலேயே இவர்கள் இரண்டு ஆட்கள் என்று நம்பிவிடலாம். புதிய விமர்சனத்தை அந்த மோதலிலிருந்து தொடங்கினேன். இரண்டரைப் பக்கத்தில் முடிந்தது. மதிப்பெண் போடும் வழக்கத்தையும் அன்றே விட்டேன்.

இதிலிருந்து நான்காவது விதி ஒன்று சேர்ந்தது. முதல் வாசிப்பு நாளுக்கு ஓர் இதழ் என்ற கணக்கில் நடக்க வேண்டும். இரண்டாவது வாசிப்பு, முடிவு தெரிந்தபின், ஒரே நாளில் நடக்க வேண்டும். இந்த விதிக்காகவே எழுதப்பட்டதுபோல அமைந்தது அடுத்து எடுத்த 'தி விஷன்'. டாம் கிங் எழுதி, காப்ரியேல் எர்னாண்டஸ் வால்டா பெரும்பகுதியை வரைந்து, ஜோர்டி பெல்லேர் வண்ணம் சேர்த்து, 2015–16இல் மார்வெல் வெளியிட்ட 12 இதழ்கள். செயற்கை மனிதனான விஷன் தனக்கென்று ஒரு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் உருவாக்கிக்கொண்டு, வாஷிங்டன் அருகே ஆர்லிங்டனில் குடியேறுகிறான். பக்கத்து வீட்டுத் தம்பதியர் தட்டில் பிஸ்கட்டுடன் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் பின்னொரு நாள் தீயில் இறக்கப்போகிறார்கள் என்று, முதல் இதழிலேயே, பதற்றமே இல்லாத குரலில் கதைசொல்லி சொல்லிவிடுகிறார். முடிவைத் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிட்டுப் பதினோரு இதழ்கள் நம்மைக் காக்க வைக்கும் துணிச்சல், மாதத் தொடரில் யாருக்கும் வராது. அங்கே முடிவு என்ற ஒன்று எழுதுபவர் கையில் இருப்பதில்லை. இந்த விமர்சனம் ஒரே மூச்சில் வந்தது. திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்தத் தன்னம்பிக்கையில்தான் அடுத்த தவறு நேர்ந்தது. டாம் கிங்கும் மிட்ச் ஜெராட்ஸும் சேர்ந்து 2017இல் தொடங்கிய 'மிஸ்டர் மிராக்கிள்' தொடரைப் பயணங்களின்போது கைப்பேசியில் படித்தேன். திரை சிறியது என்பதால், ஒரு நேரத்தில் பக்கத்தின் ஒரு படக் கட்டத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் பயன்படுத்தினேன். ஜாக் கிர்பி 1971இல் படைத்த தப்பிக்கும் கலைஞன் ஸ்காட் ஃப்ரீ, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த நிலையில் கதை தொடங்குகிறது. தேவர்களின் போர் ஒருபுறம், மனைவி பார்டாவுடன் லாஸ் ஏஞ்சலிஸ் அடுக்ககத்தில் குடித்தனம் மறுபுறம். இடையிடையே முழுக் கறுப்பில், அந்தப் போரின் கொடிய எதிரியான டார்க்சைடின் பெயரோடு, 'டார்க்சைட் இருக்கிறான்' என்ற பொருளில் இரண்டே சொற்களுடன் ஒரு கட்டம் வரும். அதை அத்தியாயப் பிரிப்பு என்று நினைத்து விரலால் தள்ளிக்கொண்டே போனேன். வசனம் அருமை, ஓவியம் மாற்றமின்றிச் சலிப்பூட்டுகிறது என்று எழுதியும் முடித்தேன்.

பிறகு ஒரு நண்பரிடம் அச்சுப் பிரதி இருப்பது தெரிந்து வாங்கிப் புரட்டியபோது வெட்கமாகிவிட்டது. ஏறத்தாழ எல்லாப் பக்கங்களும் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டங்களாக, அசையாத சாளரக் கம்பிகளைப் போல நிற்கின்றன. தப்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் பல் துலக்குகிறான், சண்டையிடுகிறான், குழந்தையைத் தூக்குகிறான். கறுப்புக் கட்டம் பிரிப்பே அன்று. சாதாரணப் பேச்சின் நடுவே, ஒன்பதில் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கும் விருந்தாளி அது. 6ஆம் இதழில் கணவனும் மனைவியும் கொலைப் பொறிகளைக் கடந்து, காவலர்களை அடித்து வீழ்த்திக்கொண்டே, வீட்டில் எந்தச் சுவரை இடித்தால் இடம் கிடைக்கும் என்று பேசிக்கொண்டு போகிறார்கள். கட்டம் கட்டமாகப் பார்த்தபோது அது சிரிப்புக் காட்சி. பக்கமாகப் பார்த்தால், இவர்களுக்குப் போர்க்களமும் வரவேற்பறையும் ஒரே அளவுச் சிறைதான் என்பது தெரிகிறது. நான் சலிப்பு என்று எழுதியதுதான் தொடரின் மையக் கருத்து. அடுத்த நாளே கணிதப் பாடத்துக்குப் பயன்படும் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, முக்கியமான பக்கங்களைத் தீப்பெட்டி அளவுக்கு, வெறும் கட்டங்களாக வரைந்து பார்க்கத் தொடங்கினேன். உள்ளே ஆள் வேண்டாம், வசனம் வேண்டாம். எங்கே பிரிகிறது, எங்கே விரிகிறது என்று தெரிந்தால் போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

டார்வின் குக் 2004இல் எழுதி வரைந்த 'தி நியூ ஃப்ரண்டியர்' பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. பெரும்பாலான பக்கங்கள் அகலமான மூன்று கட்டங்களாக, 1950களின் அகலத்திரைப் படம்போல விரிகின்றன. பார்ப்பதற்கு ஐந்திலும் இதுவே அழகு. ஆனால் ஆறு இதழ்களுக்குள் அத்தனை நாயகர்கள் வந்து போகிறார்கள். அவர்களில் பாதிப் பேரை முன்பே அறிந்தவருக்குத்தான் நெகிழ்ச்சி முழுமையாகக் கிடைக்கும். என் இரண்டாவது விதியில் இது தோற்கிறது என்றே எழுதினேன். அந்தத் தீர்ப்பில் இன்றும் மாற்றமில்லை, என்றாலும் நோட்டில் நான் அதிகப் பக்கங்களை வரைந்து பார்த்தது இந்தத் தொடரிலிருந்துதான்.

அந்த விதியைச் சோதிக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் வீட்டிலேயே இருந்தாள். என் தங்கை சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எதையும் படித்ததில்லை. 2021இல் வெளிவரத் தொடங்கிய 'சூப்பர்கேர்ள்: உமன் ஆஃப் டுமாரோ' தொகுப்பை, எதுவும் சொல்லாமல் அவளிடம் கொடுத்தேன். டாம் கிங் எழுத்து, பிரேசில் ஓவியர் பில்கிஸ் எவெலியின் கோடுகள், மதேயுஸ் லோபஸின் வண்ணங்கள், 8 இதழ்கள். தந்தையைக் கொன்றவனைத் தேடும் ரூத்யே என்ற சிறுமி, குடித்துத் தள்ளாடும் சூப்பர்கேர்ளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிரகம் கிரகமாகச் செல்கிறாள். மூன்று நாளில் தங்கை புத்தகத்துடன் வந்தாள்.

"அண்ணா, இது யார் கதை? அட்டையில இருக்கிறவ கதையா, சொல்றவ கதையா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"சொல்றவளோடதுதான். மத்தவளைப் பத்தி அவ எவ்வளவு தெரிஞ்சுக்கிட்டாளோ, அவ்வளவுதானே நமக்கும் தெரியுது?"

என் விமர்சனத்தின் முதல் பத்தி இதுதான், எழுதியவள் அவள். சூப்பர்கேர்ளின் பூர்விகம் தெரியாமல் படிப்பவரும் ரூத்யேவும் ஒரே இடத்தில் நிற்பதால்தான் இந்தத் தொடருக்கு முன்கதை தேவைப்படவில்லை. தங்கைக்கு மறக்க முடியாமல் போனது 3ஆம் இதழ். நீல நிற மக்கள் வாழும், பூப்போல அழகான ஓர் ஊர். அங்கே ஊதா நிறத்தவர் எவரையும் காணோம். தங்கள் அமைதிக்கு விலையாக அவர்களைக் கொள்ளைக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டது அந்த ஊர். எவெலி அந்தத் தெருக்களை எவ்வளவு இனிமையாக வரைந்திருக்கிறாரோ அவ்வளவுக்கு வயிறு கலங்குகிறது. ரூத்யேவின் நடையை மேற்கோளாகத் தமிழில் தர முயன்றதில் மட்டும் ஒரு வாரம் போயிற்று. பல ஆண்டுகள் கழித்து நினைவுகூரும் பெண்ணின் பழமையான, வளைந்து நெளியும் வாக்கியங்கள் அவை. இன்றைய உரைநடையில் போட்டால் செய்தித்தாள் போலாகிவிடுகிறது, சரித்திர நாவல் நடையில் போட்டால் குதிரைக் குளம்பொலி கேட்கிறது. கடைசியில் மேற்கோளையே விட்டுவிட்டு, அந்த நடையின் தன்மையைச் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

ஆறாவது இடத்துக்கு 'வாட்ச்மென்' காத்திருக்கிறது. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் உருவாக்கிய அந்த 12 இதழ்களைப் பற்றி ஏற்கெனவே சொல்லப்படாத எதையும் சொல்லிவிட முடியும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. ஆகவே முழுத் தொடரையும் விட்டுவிட்டு 5ஆம் இதழை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இதழின் 28 பக்கங்களும் கண்ணாடியில் பார்த்ததுபோல அமைக்கப்பட்டவை. முதல் பக்கத்தின் கட்டப் பிரிப்பு கடைசிப் பக்கத்தில் எதிரொலிக்கிறது, இரண்டாம் பக்கத்தினது 27ஆம் பக்கத்தில். நடுவில் 14, 15ஆம் பக்கங்கள் இரண்டும் சேர்ந்து ஒரே சமச்சீர்க் காட்சியாகின்றன. படித்துத் தெரிந்துகொண்ட செய்திதான் இது. கையால் வரைந்து பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. இதழின் தொடக்கத்தில், முன்னாள் வில்லனான மோலாக்கின் வீட்டுக்குள் வேட்டைக்காரனாக நுழையும் முகமூடி நாயகன் ரோர்ஷாக், முடிவில் அதே வீட்டில் வேட்டைப் பொருளாகச் சிக்குகிறான். கட்டங்களை இருபுறமிருந்தும் வரைந்துகொண்டு வரும்போது, அவன் தப்ப வழியில்லாதபடி பக்கங்கள் இரண்டு பக்கமிருந்தும் மூடிக்கொண்டு வருவது விரலுக்கே தெரிகிறது.

நோட்டில் இதுவரை ஒன்பது ஜோடிகள் முடிந்திருக்கின்றன. அடுத்தது 10ஆம் பக்கமும் 19ஆம் பக்கமும்.