ரீசார்ஜ் கடையின் நோட்டு

"அம்மா, உங்க நம்பருக்கு நாளையோட முடியுது, இன்னைக்கே போட்டுடவா?" என்று திருப்பாதிரிப்புலியூர் ரீசார்ஜ் கடைக்காரர் கேட்டபோது, அந்த அம்மா இன்னும் சுருக்குப்பையை அவிழ்க்கவே இல்லை.

எண்ணையும் அவர் கேட்கவில்லை.

கடையின் நீள நோட்டில் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே, "மகன் சிங்கப்பூர், வாட்ஸ்அப் பேச நெட் போதும்" என்று பென்சிலில் எழுதியிருந்தது.

1983-இல் அமெரிக்கச் சந்தைப்படுத்தல் பேராசிரியர் லியோனார்ட் பெர்ரி 'உறவுச் சந்தைப்படுத்தல்' என்று எழுதியது, இருக்கும் வாடிக்கையாளரைத் தக்கவைத்து உறவை வளர்ப்பதைப் பற்றித்தான். நம் செல்பேசி நிறுவனங்களோ அதைப் பிறந்தநாள் குறுஞ்செய்தி என்று புரிந்துகொண்டிருக்கின்றன.

எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் வந்துவிட்ட பிறகும், மாறப்போகிறோம் என்று 1900-க்குக் குறுஞ்செய்தி போன பின்னர்தான் சில நிறுவனங்களுக்கு நம் நினைவு வருகிறது. (குறை சொல்ல நாம் அழைத்தபோது அந்தப் பாசம் எங்கே போயிருந்ததோ!)

என்னைக் கேட்டால், கட்டணத்தைக் காட்டிலும், சிக்னல் போன நாளில் பொறுப்போடு பதில் சொல்ல ஒரு மனிதர் கிடைக்கிறாரா என்பதே வாடிக்கையாளரின் மனநிறைவைத் தீர்மானிக்கிறது. கடலூரில் அந்த வேலையைச் சொற்பக் கமிஷனுக்குச் செய்துவரும் கடைக்காரர்களை எந்த நிறுவனமும் கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.